பழைய வழக்குக் கட்டுகளை மின்னாக்கும்போது: எதைத் திறப்பது, எதைப் பூட்டுவது, பெயரை எங்கே மறைப்பது

கேள்வியின் சாரம் இது. ஒரு நூலகத்துக்கு 1890கள் முதல் 1970கள் வரையிலான நீதிமன்றக் கட்டுகள் வந்து சேர்ந்திருக்கின்றன. உரிமையியல், குற்றவியல், குடும்ப வழக்கு எல்லாம் கலந்த குவியல். ஸ்கேன் செய்து, படத்திலுள்ள எழுத்தைத் தேடக்கூடிய உரையாக மாற்றும் எழுத்துணரி மென்பொருளில் ஓட்டி, யாரும் தேடிப் படிக்கும்படி இணையத்தில் வைக்க வேண்டும். கட்டுக்குள் இருக்கும் மனிதர்களின் அந்தரங்கம் கெடாமல் இதை எப்படிச் செய்வது? நீதிமன்ற ஆவணம் பொது ஆவணம்தானே, அப்படியே ஏற்றிவிட்டால் என்ன?

அப்படியே ஏற்றக் கூடாது. எல்லாவற்றையும் பூட்டி வைக்கவும் தேவையில்லை. ஒரு பக்கத்தைப் பார்க்க விடுவது ஒரு முடிவு. ஒருவருடைய பெயரைத் தட்டியதும் அந்தப் பக்கம் வந்து நிற்க விடுவது வேறொரு முடிவு. நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணுவதால் வருபவை.

பதிவேட்டு அறையில் கிடந்த கட்டு, சட்டத்தின் கண்ணில் திறந்ததாகவே இருந்திருக்கலாம். ஆனால் அதைப் பார்க்க வழக்கு எண் தெரிந்திருக்க வேண்டும், ஆண்டு தெரிந்திருக்க வேண்டும், நேரில் போய் மனு எழுதிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். அந்த அலைச்சல்தான் இத்தனை காலமும் காவலாக நின்றது. 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை நேராகவே தொட்டது. எஃப்பிஐ வைத்திருந்த ஒருவருடைய குற்றப் பின்னணித் தொகுப்பைப் பத்திரிகையாளர் தரப்பு கேட்ட வழக்கு அது. அந்த விவரங்கள் தனித்தனியே பல நீதிமன்றங்களிலும் காவல் நிலையங்களிலும் பொதுவில் இருப்பவைதான். ஆனாலும் அங்கங்கே போய்த் தேடி எடுப்பதும், எல்லாம் ஒரே கணினித் தொகுப்பாகக் கைக்கு வருவதும் ஒன்றாகாது என்று சொல்லி நீதிமன்றம் மறுத்தது.

ஐரோப்பிய நீதிமன்றங்கள் அதன்பின் தேடலையே குறிவைத்தன. 2014இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், 1998இல் ஸ்பானியச் செய்தித்தாளில் வந்த ஒரு சொத்து ஏல அறிவிப்பைப் பற்றிய வழக்கில், செய்தித்தாளின் பக்கம் அப்படியே இருந்தாலும், பெயரைத் தேடும்போது அந்த இணைப்பைக் காட்டாமலிருக்கத் தேடுபொறி கடமைப்படலாம் என்றது. 2019 நவம்பரில் ஜெர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம், 1980களில் அச்சான கொலை வழக்குச் செய்திகளை ஒரு வார இதழ் தன் இணையக் காப்பகத்தில் வைத்திருந்ததைப் பரிசீலித்தது. கட்டுரையை நீக்காமலே, பெயரைத் தேடுவோரை அங்கே கொண்டு சேர்க்காமல் இருக்க வழி உண்டா என்று பார்க்கச் சொன்னது. 2023இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரும் அமர்வு இன்னும் ஒரு படி மேலே போனது. 1994இல் நடந்த ஒரு சாலை விபத்துச் செய்தியில் ஓட்டுநரின் பெயரை மின் பதிப்பில் மட்டும் மறைக்கச் சொன்ன பெல்ஜிய உத்தரவு செல்லும் என்றது. அச்சுப் பிரதியைத் தொடவில்லை. இவை மூன்றும் செய்தித்தாள் விவகாரங்கள்தான். ஆனால் செய்தித்தாள் ஒரு பத்தியில் சொன்னதை வழக்குக் கட்டு நூறு பக்கத்தில் சொல்கிறது. அதனால் நூலகத்தின் பொறுப்பு கூடுமே தவிரக் குறையாது.

கட்டுக்குள் யார் இருக்கிறார்கள்

குற்றம் சாட்டப்பட்டவரை மட்டும் நினைத்துக்கொண்டு விதி எழுதினால் பாதிக்கு மேல் தவறவிடுவீர்கள். அவர் பெயராவது அன்றே செய்தித்தாளில் வந்திருக்கும். கட்டின் நடுவில் இருப்பவர்கள் வேறு: சாட்சிக்கு அழைக்கப்பட்ட பக்கத்து வீட்டுக்காரர், வாக்குமூலம் கொடுத்த ஏழு வயதுப் பிள்ளை, மணவிலக்கு வழக்கில் உறவு வைத்திருந்ததாகப் பெயர் இழுக்கப்பட்டு ஒருநாள்கூட நீதிமன்றத்துக்கு வராத மூன்றாம் நபர், சந்தேகத்தில் பிடித்து விடப்பட்டவர், விடுதலையானவர். கடைசி வகைதான் மிகவும் நியாயமற்ற முறையில் அடிபடுவது. குற்றப்பத்திரிகையும் வாக்குமூலங்களும் ஒரு கட்டில் இருக்கும். விடுதலை செய்த மேல்முறையீட்டுத் தீர்ப்பு வேறொரு நீதிமன்றத்தின் கட்டில், வேறொரு கட்டடத்தில் இருக்கும். நீங்கள் முதல் கட்டை மட்டும் ஏற்றினால் அந்த மனிதர் இணையத்தில் என்றைக்கும் குற்றவாளிதான்.

தீர்ப்பைவிட ஆபத்தானவை சான்றாவணங்கள். கட்டின் கடைசியில் ஊசி குத்திய உறைகளில் இருப்பவை அவை: காதல் கடிதங்கள், மருத்துவச் சான்றுகள், பிரேதப் பரிசோதனை அறிக்கை, உடலின் புகைப்படம், வங்கிக் கணக்கு எண்கள், பள்ளிச் சான்றிதழ். அமெரிக்கக் கட்டென்றால் 1936க்குப் பிறகு சமூகப் பாதுகாப்பு எண்ணும் முழுசாகக் கிடைக்கலாம். அந்த எண்களைக் கடைசி நான்கு இலக்கமாகச் சுருக்கச் சொல்லும் விதி அங்குள்ள கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கு 2007 டிசம்பரில்தான் வந்தது. பிறந்த தேதிக்கு ஆண்டு மட்டும், சிறுவருக்கு முதலெழுத்து மட்டும் என்பதும் அதே விதிதான். அதற்கு முந்தைய காகிதம் எதுவும் அதை அறியாது.

எல்லாவற்றையும்விட அப்பாவியாகத் தோன்றுவது வழக்குப் பதிவேடு. பெயர், தந்தை பெயர், ஊர், பிரிவு, முடிவு என்று ஐந்து பத்திகள். ஸ்கேன் செய்ய எளிது, தட்டச்சு செய்யவும் எளிது என்பதால் பெரும்பாலான திட்டங்கள் இதில்தான் தொடங்குகின்றன. அது ஆயத்தமான பெயரகராதி என்பதை மறந்துவிடுகிறார்கள்.

தேதிக் கணக்கு

எத்தனை ஆண்டு காத்திருப்பது என்பதற்கு உலகத்துக்கெல்லாம் ஒரே எண் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிமுறை உயிரோடிருப்பவர்களுக்கு மட்டுமே பொருந்தும்; இறந்தவர்களைப் பற்றி உறுப்பு நாடுகள் தாமே விதி செய்துகொள்ளலாம். டென்மார்க் இறந்து 10 ஆண்டுவரை பாதுகாப்பை நீட்டியிருக்கிறது. அதே விதிமுறையின் 10ஆம் உறுப்பு குற்றத் தண்டனை விவரங்களைத் தனியாகக் கட்டுப்படுத்துகிறது. 89ஆம் உறுப்பு காப்பகப் பணிக்கு இடம் கொடுத்தாலும் தகுந்த பாதுகாப்பு ஏற்பாடுகளை நிபந்தனையாக வைக்கிறது.

நடைமுறைக்கு உதவும் கணக்கு பிரிட்டன் காப்பகங்களின் வழிகாட்டுதலில் இருக்கிறது. மனித ஆயுள் 100 ஆண்டு என்று வைத்துக்கொள்ள வேண்டும். வயது தெரியாத பெரியவருக்கு ஆவணத் தேதியன்று 16 வயது என்று கொண்டால் 84 ஆண்டு பூட்டு. வயது தெரியாத குழந்தைக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை என்று கொண்டால் 100 ஆண்டு. வயது எழுதியிருந்தால் பிறந்த ஆண்டோடு 100ஐக் கூட்டுங்கள்.

ஒரு கட்டை எடுத்துப் போட்டுப் பாருங்கள். 1948ஆம் ஆண்டு அடிதடி வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவருக்கு 30 வயது, 1918இல் பிறந்தவர், 2018இல் கணக்கு முடிகிறது. வயது குறிக்காத சாட்சிகளுக்கு 2032. சாட்சி சொன்ன சிறுமிக்கு 7 வயது, 1941இல் பிறந்தவர், 2041. கட்டைப் பிரிக்காமல் வெளியிடுவதென்றால் கடைசித் தேதிதான் கட்டின் தேதி. ஆகவே 2042 ஜனவரி 1 அன்று திறக்கலாம். சிறுமியின் வாக்குமூலம் நான்கு பக்கம்தான், அது இன்றி மற்றதைத் திறக்கலாமே என்று தோன்றினால், அவள் சொன்னதைத் தீர்ப்பும் குறுக்கு விசாரணையும் எத்தனை இடத்தில் திருப்பிச் சொல்கின்றன என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

இந்தக் கணக்கில் அடிக்கடி நேரும் பிழை, அட்டையிலுள்ள ஆண்டை நம்புவது. 1931 என்று அட்டையில் இருக்கும். உள்ளே 1944இன் நிறைவேற்று மனுவும் 1956இன் ஜீவனாம்ச உயர்வு மனுவும் தைத்திருக்கும். வழக்கு தொடுத்த ஆண்டு கணக்குக்கு உதவாது. கட்டிலுள்ள கடைசிக் காகிதத்தின் தேதியைப் பட்டியலில் தனிப் பத்தியாகப் பதியுங்கள். காப்பாளர் நியமன வழக்குகளில் பிறந்த குழந்தையும் கட்சிக்காரராக இருக்கும் என்பதையும் கவனத்தில் வையுங்கள்.

சில பூட்டுகளுக்குத் தேதியே கிடையாது. இந்தியாவில் பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். முன்பு தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு. பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டாலும் உறவினர் சம்மதத்தால் மட்டும் பெயரை வெளியிட முடியாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. போக்சோ சட்டமும் சிறார் நீதிச் சட்டமும் பிள்ளைகளுக்கு இதே காவலைத் தருகின்றன. இந்து திருமணச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, மணவிலக்கு விசாரணை விவரங்களை அச்சிடவும் வெளியிடவும் தடை போடுகிறது. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை அனுமதியோடு வெளியிடலாம், அவ்வளவே. உங்கள் கட்டுகள் எந்த நாட்டு நீதிமன்றத்தினுடையவையோ அந்த நாட்டில் இப்படி ஆயுட்காலக் கணக்குக்கு அடங்காத பிரிவுகள் என்னென்ன என்று ஒரு வழக்கறிஞரிடம் ஒரே பக்கத்தில் எழுதி வாங்குங்கள். நூறு பக்கச் சட்டக் கருத்துரை மேசையில் உட்கார்ந்து தாள் புரட்டும் ஊழியருக்கு உதவாது.

தத்தெடுப்பு, மூடிய அறை விசாரணை, நீதிமன்றம் முத்திரையிட்ட உறை ஆகியவற்றை நூலகம் தானாகத் திறக்கவே கூடாது. முத்திரை நூற்றாண்டுப் பழையதாக இருந்தாலும் உத்தரவு போட்ட நீதிமன்றத்திடம் எழுத்தில் கேட்டுத்தான் திறக்க வேண்டும். பின்னாளில் சட்டப்படி அழிக்கப்பட்ட தண்டனைகள் வேறொரு பொறி. அழிப்பு உத்தரவு காவல்துறைக்குப் போகும், நீதிமன்றப் பதிவகத்துக்குப் போகும், உங்களுக்கு வராது. ஆண்டுக்கு ஒருமுறை பதிவகத்திடம் நீங்களாகக் கேட்கும் ஏற்பாடு இருந்தால்தான் தெரியவரும்.

கட்டை மூடுவதா, பெயரை மறைப்பதா

பணம் ஒதுக்கும் குழுக்கள் மறைப்பைத்தான் விரும்புகின்றன. எல்லாவற்றையும் வெளியிட்டுவிட்டோம் என்று அறிக்கையில் எழுதலாம் அல்லவா. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் கறுப்புக் கட்டம் போட்ட ஒரு கட்டைவிட, 2042இல் முழுசாகத் திறக்கப்போகும் கட்டு ஆய்வாளருக்கு அதிகம் பயன்படும். மறைப்பு வேலை பக்கக் கணக்கில் வளரும். பூட்டு வேலை கட்டுக் கணக்கில் முடியும். அதோடு, எளியவர்களின் பெயர் எழுத்தில் பதிவான ஒரே இடம் பல சமயம் நீதிமன்றக் கட்டுதான். அங்கேயும் அவர்களை மறைத்துவிட்டு வக்கீல் பெயரையும் நீதிபதி பெயரையும் மட்டும் விட்டுவைத்தால், வரலாற்றிலிருந்து அவர்களை இரண்டாம் முறை துடைத்ததாகும். ஆகவே மறைப்பைக் கட்டுக்குச் சில இடங்களில் மட்டும் தேவைப்படும்போது கையாளுங்கள்: ஒரு கணக்கு எண், ஒரு மருத்துவச் சான்று, ஒரு சிறுவனின் பெயர். ஐந்தில் ஒரு பக்கத்துக்கு மேல் கை வைக்க வேண்டியிருந்தால் கட்டையே மூடுவது மேல்.

பழமை தானாகத் தரும் விடுதலையும் உண்டு. லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தின் 1674 முதல் 1913 வரையிலான விசாரணை அறிக்கைகள் முழு உரையாக, பெயர்வாரித் தேடலோடு இணையத்தில் இருக்கின்றன. அது சாத்தியமானதற்குக் காரணம் நடுவிலுள்ள கால இடைவெளிதான். உங்கள் குவியலில் 1890களின் கட்டுகளுக்கும் இதே தாராளம் காட்டலாம். ஒரு விலக்கு மட்டும்: மனநலக் காவல், பரம்பரை நோய், தந்தை யார் என்ற தகராறு, ஒரு சமூகத்தையே குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்திய ஆவணங்கள். இவற்றின் சுடு பேரப்பிள்ளைகள்வரை எட்டும். இவற்றை மறைக்கச் சொல்லவில்லை; திறக்குமுன் ஒருவர் படித்துப் பார்த்து, பட்டியலில் சூழல் விளக்கம் சேர்த்து, தேடலில் விடலாமா என்று தனியாக முடிவெடுக்கச் சொல்கிறேன்.

பிரிக்கும் வேலையைத் தாள்வாரியாகத் தொடங்காதீர்கள். முதலில் வரிசைவாரியாக, அதாவது நிலத் தகராறு, கடன், குற்றவியல், குடும்பம், காப்பாளர், மனநலம் என்று. ஒவ்வொரு வரிசையிலும் நூற்றுக்கு ஐந்து கட்டு, எப்படியும் முப்பதுக்குக் குறையாமல், வெவ்வேறு ஆண்டிலிருந்து உருவி முழுசாகப் புரட்டுங்கள். அதில் ஒன்றில்கூடச் சிக்கல் இல்லாத வரிசையைத் தேதிக் கணக்கு மட்டும் பார்த்து விடலாம். சிக்கல் அங்கங்கே தென்படும் வரிசையைக் கட்டுவாரியாகப் புரட்ட வேண்டும். குடும்பம், காப்பாளர், மனநலம் மூன்றையும் மாதிரி பார்க்காமலே பூட்டுப் பக்கம் வையுங்கள். ஆள் கணக்கு எவ்வளவு ஆகும் என்று தெரிய, இருபது கட்டைக் கடிகாரம் வைத்துப் புரட்டி மொத்த எண்ணிக்கையால் பெருக்குங்கள். வேறு திட்டத்தின் கணக்கை எடுத்து உங்கள் காகிதத்துக்குப் பொருத்தினால் ஏமாறுவீர்கள்.

மறைப்பு எங்கே ஓட்டையாகிறது

மூலக் காகிதத்தில் மை பூசவே கூடாது. மூலப் படக் கோப்பையும் தொடக் கூடாது. 400 பிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி) அளவில் எடுத்த டிஃப் படக் கோப்பு, கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஷா-256 சரிபார்ப்பு எண்ணோடு, இணையத்தோடு இணையாத சேமிப்பில் பூட்டோடு இருக்கட்டும். மறைப்பெல்லாம் வெளியிடும் பிரதியில் மட்டும்.

பிடிஎஃப் கோப்பில் கறுப்புச் செவ்வகம் வரைவது மறைப்பு அல்ல. அது எழுத்தின்மேல் வைத்த அட்டை. கீழேயிருக்கும் உரையை நகலெடுத்து ஒட்டினால் பெயர் வந்துவிடும். சில மென்பொருள்கள் மாற்றத்தைக் கோப்பின் கடைசியில் சேர்த்துச் சேமிப்பதால், முந்தைய வடிவமும் அதே கோப்புக்குள் கிடக்கும். வேலையின் வரிசை இப்படி இருக்க வேண்டும்: முதலில் படக் கோப்பில் புள்ளிகளையே அழித்து நிறம் நிரப்புங்கள், அந்தப் படத்தைப் புதிய கோப்பாகச் சேமியுங்கள், அதன் பிறகு எழுத்துணரியை ஓட்டுங்கள், அதிலிருந்து பிடிஎஃப் கட்டுங்கள். முதலில் எழுத்துணரி, பிறகு மறைப்பு என்று போனால் படத்தில் பெயர் இருக்காது, தேடல் அட்டவணையில் இருக்கும். பக்கம் கறுப்பாகத் தெரிய, தேடல் முடிவில் காட்டும் துணுக்கில் பெயர் பளிச்சென்று நிற்கும்.

மங்கலாக்குவதும் கட்டம் கட்டமாகச் சிதைப்பதும் வேண்டாம். சாத்தியமான பெயர்களை அதே எழுத்துருவில் எழுதி அதே மாதிரி சிதைத்து ஒப்பிட்டால் எது என்று கண்டுபிடிக்கலாம். கறுப்புக் கட்டத்தின் நீளமும் காட்டிக்கொடுக்கும்: ஆங்கிலத் தட்டச்சுப் பொறிகளில் பெரும்பாலும் எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்பதால், கட்டத்தை அளந்தால் பெயரில் எத்தனை எழுத்து என்று சொல்லிவிடலாம். கட்டங்களை எல்லா இடத்திலும் ஒரே நீளமாகப் போடுங்கள். முடியாவிட்டால் வரி முழுவதையும் மூடுங்கள். கட்டத்தின்மேல் காரணக் குறியையும் திறக்கும் ஆண்டையும் எழுதினால் படிப்பவர் எரிச்சலடைய மாட்டார், நாளை உங்கள் இடத்துக்கு வருபவரும் புரிந்துகொள்வார்.

மெல்லிய தாளில் முன்பக்க எழுத்து பின்பக்கத்தில் கண்ணாடி பிம்பமாகத் தெரியும். முன்பக்கத்தை மறைத்துவிட்டுப் பின்பக்கத்தை மறந்தால் படத்தைத் திருப்பிப் போட்டுப் படித்துவிடலாம். ஸ்கேன் செய்யும்போதே தாளுக்கு அடியில் கறுப்பு அட்டை வைத்தால் இந்த ஊடுருவல் குறையும். கார்பன் நகல்கள் அடுத்த கண்ணி: ஒரே வாக்குமூலம் மூன்று பிரதியாக மூன்று இடத்தில் தைத்திருக்கும். பிறகு கோப்பின் பெயரே பிரச்சினையாகும். கட்சிக்காரர் பெயரில் சேமித்த கோப்பை எவ்வளவு மறைத்தும் என்ன பயன்? வழக்கு எண்ணும் தாள் எண்ணும் மட்டுமே கோப்புப் பெயராக இருக்கட்டும். ஜேபெக் கோப்பினுள் பொதிந்த சிறுபடம், இணையதளம் தயாரித்து வைத்த முன்னோட்டப் படங்கள், பெரிதாக்கிப் பார்க்க உதவும் படத்துண்டுகளின் தற்காலிகச் சேமிப்பு, எழுத்துணரி படித்த சொற்களைப் பக்கத்தில் அவை இருக்கும் இடத்தோடு பதியும் ஆல்ட்டோ உரைக் கோப்பு ஆகிய நான்கிலும் பழைய பக்கம் ஒளிந்திருக்கும். மறைத்த பிரதியை ஏற்றியதும் நான்கையும் அழித்துப் புதிதாக உருவாக்குங்கள்.

பெயர் கண்டறியும் மென்பொருளை உதவிக்கு வைத்துக்கொள்ளலாம், பொறுப்பை அதனிடம் கொடுக்க முடியாது. எழுத்துணரி பெயர்களில்தான் அதிகம் தடுமாறும்; அகராதியில் இல்லாத சொல் அல்லவா. வரி முடிவில் உடைந்த பெயர், ஒரே ஆளுக்கு மூன்று எழுத்துக்கோவை, அடித்துத் திருத்திய பெயர் எல்லாம் தப்பிவிடும். தமிழ்க் கட்டுகளில் இன்னொன்று சேரும்: வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. கந்தசாமி என்று தேடினால் கந்தசாமியை, கந்தசாமிக்கு என்பவை வரும். ஆனால் முருகன் என்று முழுச் சொல்லாகத் தேடினால் முருகனுக்கு, முருகனோடு எல்லாம் நழுவும், ‘முருகன்’ என்பதன் கடைசிப் புள்ளி அங்கே இல்லை. முருக என்ற அளவில் வெட்டித் தேட வேண்டும். உறவுச் சொல்லாலும் ஆள் தெரியும். பெயரை மூடிவிட்டு, இன்ன ஊர்த் தபால்காரரின் இளைய மகள் என்பதை விட்டுவைத்தால் மூடியது வீண். முதலெழுத்து மட்டும் விடுவதும் சிறிய ஊருக்குப் போதாது.

சோதனையை மறைத்தவரே செய்யக் கூடாது. வேறொருவர், மறைத்த பெயர்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, வெளியிடும் பிடிஎஃப்பின் உரை முழுவதையும் நகலெடுத்து அதில் தேட வேண்டும். தளத்தின் தேடல் பெட்டியிலும் அதே பெயர்களைத் தட்டிப் பார்க்க வேண்டும். பின்பு கண்ணால் ஒருமுறை. அந்தப் பெயர்ப் பட்டியலே திட்டத்தின் மிக ஆபத்தான கோப்பு என்பதால் மூலப் படங்களோடு பூட்டில் இருக்கட்டும், பகிர்ந்த விரிதாளில் வேண்டாம். மூட வேண்டிய கட்டுகளை இலவச இணைய எழுத்துணரிச் சேவைகளிலும் உரையாடல் மென்பொருள்களிலும் ஏற்றவே கூடாது. வெளியிடுமுன்பே வெளியே போய்விடும். வெளியாரிடம் ஸ்கேன் வேலையைக் கொடுத்தால், பிரதிகளை எங்கே வைக்கிறார்கள், எத்தனை நாளில் அழிக்கிறார்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி, அழித்ததற்கு எழுத்துப்பூர்வ உறுதி வாங்குங்கள்.

தேடலைத் தனியாகக் கட்டுப்படுத்துவது

ஐந்து படிகள் போதும். முழுத் திறப்பு, உரைத் தேடலோடு. அடுத்து, பக்கங்கள் திறந்திருக்கும் ஆனால் உரைத் தேடலும் வெளித் தேடுபொறிகளும் இல்லை. வழக்கு எண், ஆண்டு, வகை வழியாக மட்டும் உள்ளே போகலாம். மூன்றாவது, பதிவு செய்த வாசகருக்கு. நான்காவது, வாசிப்பு அறையின் கணினியில் மட்டும். ஐந்தாவது, மூடியது, விவரக் குறிப்பு மட்டும் வெளியே. இரண்டாம் படியைத்தான் நூலகங்கள் மறந்துவிடுகின்றன. பழைய பதிவேட்டு அறையின் அலைச்சலை இணையத்தில் திருப்பிக் கொண்டுவருவது அதுதான். உங்கள் குவியலில் 1920 முதல் 1940 வரையிலான குற்றவியல் கட்டுகளில் தேதிக் கணக்கில் தேறியவற்றுக்கு நான் அதைத்தான் பரிந்துரைப்பேன்.

தொழில்நுட்பத்தில் ஒரு பொறி இருக்கிறது. எதைப் படிக்கலாம் என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் தடுத்தால் தேடுபொறி அந்தப் பக்கத்தைப் படிக்காது. ஆனால் வேறு தளம் அதற்கு இணைப்புக் கொடுத்திருந்தால் முகவரி மட்டும் முடிவுகளில் வரலாம். நோஇண்டெக்ஸ் குறி போட்டால் முடிவுகளிலேயே வராது. ஆனால் அந்தக் குறியைப் பார்க்கத் தேடுபொறி பக்கத்தைப் படிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் முதலாவது இரண்டாவதைக் கெடுத்துவிடும். ஆகவே நோஇண்டெக்ஸ் மட்டும் போடுங்கள். படங்களுக்கும் பிடிஎஃப்களுக்கும் பக்கத்தில் குறி எழுத இடமில்லை. வழங்கியின் மறுமொழித் தலைப்பில் எக்ஸ்-ரோபாட்ஸ்-டேக் ஆகக் கொடுக்க வேண்டும். இவையெல்லாம் மரியாதையுள்ள தேடுபொறிகள் கேட்கும் வேண்டுகோள்தான். மொத்தமாக வாரிக்கொண்டு போகும் நிரல்கள் கேட்காது. உண்மையிலேயே காக்க வேண்டியது மூன்றாம் படியிலோ அதற்கும் கீழேயோ, கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

விவரக் குறிப்புகளை, பல நூலகங்களின் குறிப்புகளை ஒரே இடத்தில் சேர்க்கும் தொகுப்பிகள், ஓஏஐ என்ற தானியங்கிப் பகிர்வு முறை வழியாக அள்ளிக்கொள்ளும். ஒருமுறை போனால் திரும்ப அழைப்பது பாடு. மூடிய கட்டின் குறிப்பில் பெயர் வேண்டாம். ‘ஜீவனாம்ச மனு, 1949, 42 தாள், 2050இல் திறக்கும்’ என்ற அளவில் எழுதினால் ஆய்வாளருக்கு இருப்புத் தெரியும், குடும்பத்தாருக்குக் காயம் இல்லை.

யாராவது எடுக்கச் சொல்லி எழுதினால்

எழுதத்தான் செய்வார்கள். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் ஒரு முகவரி இருக்கட்டும். கேட்டவுடன் விவாதிக்காமல் இரண்டு வேலை நாளுக்குள் அந்தக் கட்டைத் தற்காலிகமாக மறைத்துவிட்டுப் பிறகு ஆராயுங்கள். கேட்டவர் யார் என்று உறுதிசெய்ய அடையாள அட்டையின் முழு நகலைக் கேட்டு இன்னொரு அந்தரங்கக் குவியலைச் சேர்க்காதீர்கள். கட்டிலுள்ளவரோடு என்ன தொடர்பு என்பதைக் காட்டினால் போதும். தீர்வையும் படியாகத்தான் கொடுக்க வேண்டும்: முதலில் பெயர்த் தேடலிலிருந்து விலக்குவது, போதாவிட்டால் அந்த இடங்களில் மறைப்பு, அதுவும் போதாவிட்டால் கட்டை மூடுவது. நீதிபதி, வழக்கறிஞர், விசாரணை அதிகாரி ஆகியோர் தம் பணியில் செய்ததை அவர்கள் வாரிசு மறைக்கச் சொன்னால் மறுக்கலாம். காரணத்தோடு எழுதி மறுங்கள்.

நீக்கிய பக்கத்தின் இடத்தில் வைக்கும் அறிவிப்பில் பெயர் இருக்கக் கூடாது, கேட்டவர் யார் என்பதும் கூடாது. தொகுப்பிகளுக்கும் தேடுபொறிகளுக்கும், இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமிக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவுக்கும் நீக்கக் கோரிக்கையை நீங்களே அனுப்புங்கள். கேட்டவரை வாசல் வாசலாக அலைய விடாதீர்கள்.

எங்கே தொடங்குவது என்றால், பதிவேட்டில் வேண்டாம். 1890களின் நிலத் தகராறுக் கட்டுகளில் தொடங்குங்கள். எல்லைச் சுவர், வாய்க்கால், பங்கு பிரிப்பு. ஆய்வாளருக்கு வளமான சரக்கு, பெயர் தெரிந்தாலும் யாருக்கும் கேடில்லை. மறைப்பு, சோதனை, நீக்கக் கோரிக்கை ஆகிய மூன்று வேலைகளையும் அங்கே ஒத்திகை பார்த்துவிட்டு, குற்றவியல் வரிசையைக் கடைசியில் எடுங்கள்.